டேங்கரை விடாத மூலை

ஹெப்பகோடியிலிருந்து ஓசூர் எல்லை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், சின்ன டிராக்டரை ரிவர்ஸில் கொண்டுபோய், திரும்பியே பார்க்காமல், ஊசிக்காதில் நூல் கோப்பதுபோல டேங்கர் வளையத்தைக் கொக்கியில் பொருத்துகிற ஆள் பெருமாள்சாமியைத் தவிர இன்னொருவர் கிடையாது. அதையும் தும்மிக்கொண்டே செய்வார். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. அவர் திரும்பிப் பார்ப்பார். ஒரு தடவைக்கு நாலு தடவை பார்ப்பார். தும்மல் கைச்சரக்கு. இனிமேல் வருவதில் அப்படி எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

பெருமாள்சாமி பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர். மீசை முளைக்குமுன்பே பெங்களூருக்கு வந்து, தண்ணீர் டிராக்டர் ஒன்றில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். கிளீனருடைய வேலை, டிராக்டர் ரிவர்ஸில் வரும்போது பின்னால் நின்று, கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே இரும்புப் பின்னைச் செருகுவது. ஒருநாள் டிரைவர் யாரிடமோ பேசிக்கொண்டே கிளச்சை விட்டுவிட்டான். பெருமாள்சாமியின் இடதுகை மோதிர விரலில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. "ஐயோ, பாக்கலப்பா" என்றான் டிரைவர், டீயைத் தட்டிவிட்டவன் சொல்வது மாதிரி.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அவர் மாட்டும்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அவர் பின்னால் நிற்கும்போது சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. எல்லாவற்றையும் தனியாகவே செய்வார். ரிவர்ஸ் எடுப்பார், இறங்கிப் பார்ப்பார், ஏறி அரை விரற்கடை நகர்த்துவார், மறுபடி இறங்குவார்.

"பொண்ணு வீடும் நீங்களே, மாப்பிள்ளை வீடும் நீங்களே. தாம்பூலத்த நீங்களே குடுத்து நீங்களே வாங்கிக்கறீங்க" என்று கேலி செய்வாள் அவர் மனைவி ஜானகி. அவள் பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்க்கிறாள்.

வெகு காலம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய பிறகு, செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன டிராக்டரைச் சொந்தமாக வாங்கினார். இருக்கும் வீடு வாடகை, ரேஷன் கார்டு ஜானகி பெயரில். பெருமாள்சாமி என்ற பெயர் எழுதியிருக்கும் ஒரே பொருள் அந்த டிராக்டர்தான். அது போனால், ஐம்பது தாண்டிய வயதில், மறுபடி யாருடைய வண்டிக்கோ பின்னால் போய் நிற்க வேண்டும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இல்லாத அரை விரல் குடையும்.

வண்டிக்கு நிரந்தர வேலையும் கிடைத்தது. ஹெப்பகோடியைத் தாண்டி, முன்பு ராகி விளைந்த நிலத்தில் எழும்பியிருந்த பெரிய அப்பார்ட்மெண்ட் ஒன்றில் தோட்ட வேலை. புல் வெட்டும் கருவி, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர், செடிகளுக்குத் தண்ணீர் டேங்கர் என்று மூன்று சாமான்கள். ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவதில் பாதிப் பகல் போகும். துருப்பிடித்த சாமான்கள் பால்கனியிலிருந்து கண்ணில் படக் கூடாது என்று குடியிருப்பவர்கள் சொன்னதால், கிளப் ஹவுஸுக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு மூலையை ஒதுக்கித் தந்திருந்தார்கள். சமமான தரை, நல்ல புல். மற்ற இடத்தில் வெயிலுக்குப் புல் காய்ந்தாலும் அங்கே மட்டும் பச்சை மாறாது.

முதலில் பிரச்சினை செய்தது டேங்கர். ஒருநாள் காலை அதை மூலையில் விடுவதற்காக ஸ்டாண்டை இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்னைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. டேங்கர் இழுவையில் நின்றால் பின் இறுகிக்கொள்ளும், அது புதிதல்ல. சீட்டில் ஏறி வண்டியை ஒரு மயிரிழை பின்னுக்குத் தளர்த்திவிட்டு இறங்கினால் இரண்டு விரலால் தூக்கி எடுத்துவிடலாம். தளர்த்தினார், இறங்கினார், இழுத்தார். மறுபடி இறுக்கம். அவர் தளர்த்திய அளவுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்துக்கொண்டது மாதிரி இருந்தது.

நாலைந்து தடவை ஏறி இறங்கிய பிறகுதான் வந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் மோசம். அதற்கு மறுநாள் ஏறி இறங்கியே சட்டை நனைந்துவிட்டது. காவலாளி உமேஷ் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மாலூர்ப் பையன், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவான்.

"ஏன் குரு, இவங்க கட்டி வெச்சிருக்கற ஜிம் பத்தலயா? வண்டி மேலயே எக்சர்சைஸா?"

"பக்கத்துல வராத, அங்கயே நில்லு."

"நான் வேணா சீட்ல உக்காரட்டா அண்ணா? நீ சொன்னா ரிவர்ஸ் எடுக்கறேன்."

"உக்காந்த, உன் விரல எண்ணிக்கோ" என்றார் பெருமாள்சாமி. உமேஷ் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

சோதித்துப் பார்க்க டேங்கரை கேட் பக்கம் கொண்டுபோனார். அங்கே பின், வெண்ணெயிலிருந்து கத்தியை உருவினாற்போல் வந்தது. மூலைக்குக் கொண்டுவந்தார். இறுகிவிட்டது.

பின் வளைந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஆடுகோடியில் கில்பர்ட் என்று ஒரு லேத் பட்டறைக்காரர், பழைய சினேகிதம். பின்னை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கில்பர்ட்.

"வளையலயே மாமே. ஆனா ஒண்ணு சொல்லட்டா? ஒரு பக்கமா மட்டும் தேஞ்சிருக்கு. வண்டி ஓடி தேஞ்சா இப்படித் தேயாது. நிறுத்தின எடத்துல வெச்சு எவனோ விடாம இழுத்தா மாதிரி இருக்கு."

"எவன் இழுப்பான்?"

"அத நீதான் சொல்லணும். பேய் கீய் வளக்கறயா?" என்று கில்பர்ட் சிரித்தார். பெருமாள்சாமி சிரிக்கவில்லை. புதுப் பின் கடைந்து வாங்கிக்கொண்டு வந்தார். மூலையில் அதுவும் இறுகியது.

அதன் பிறகு அவர் கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்க ஆரம்பித்தால் எல்லாம் கண்ணில் படும் அல்லவா? நேராக நிறுத்திவிட்டுப் போன ரொட்டவேட்டர், மறுநாள் காலையில் சுவர்ப்பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்திருந்தது, சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல. பெரிய பின் நழுவாமல் பூட்டுகிற சின்ன லாக் பின், கைதவறி விழுந்தபோது, புல்லில் விழுந்த இடத்தில் கிடக்காமல் உருண்டு போயிற்று. ஜானகி வண்டிக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். சமமான தரையில் அது சற்று நேரம் யோசித்தது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், லாக் பின் போன பக்கமாகவே போய் நின்றது. அதை எடுக்கக் குனிந்து கையை ஊன்றினார். புல் சில்லென்று இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே தரை, தூங்குகிற மாட்டின் வயிறு மாதிரி, ஒரு மூச்சு அளவுக்கு அமுங்கி எழுந்தது.

கையை எடுத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும்விடச் சத்தம்தான் அவரை உலுக்கியது. என்ஜினை நிறுத்தினால் டேங்கருக்குள் தண்ணீர் கொஞ்ச நேரம் அலைமோதும், பிறகு அடங்கும். மூலையில் அடங்கவில்லை. களக், களக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டேங்கர் மேல் காதை வைத்தார். உள்ளே அமைதி. சத்தம் அவருடைய செருப்புக்குக் கீழேயிருந்து வந்தது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஜானகி தட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு?"

"டேங்கர அது கெட்டியா புடிச்சிக்குது."

"எது?"

"எனக்கு இன்னா தெரியும்? டேங்கரத்தான் கேக்குதா, வண்டியவும் சேத்துக் கேக்குதான்னு தெரியல."

வழக்கமாக இந்த மாதிரி பேச்சுக்கு ஜானகியிடம் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்று இல்லை. "அந்த எடத்துல நிறுத்தாதீங்க" என்றாள். "அந்தக் கமிட்டி அம்மாகிட்ட சொல்லுங்க. வேற எடம் குடுக்கலேன்னா வேலையே வேணாம். வண்டியிருந்தா வேற வேல வரும்."

தோட்டத்தைக் கவனிக்கிற கமிட்டிக்காரர் ஷில்பா. நல்ல பெண். பெருமாள்சாமி சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். பெருமாள்சாமியும் எதைச் சொன்னார்? இழுக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மூலையில் சாமான் கழலவில்லை, வேறு இடம் வேண்டும் என்றார்.

"ஓகே பெருமாள்சாமி, மாத்திடலாம். நாளைக்கு லான்ல ஃபங்ஷன் இருக்கே, அது முடியட்டும். திங்கள்கிழமை ஜெனரேட்டர் பக்கம் எடம் காட்டறேன், ஆயிதா?" என்று கன்னடத்தில் முடித்தார்.

இது சனிக்கிழமை காலையில். அந்த வாரம் மூன்று நாள் நல்ல மழை. பெருமாள்சாமி டேங்கரை நிரப்பி வைத்திருந்தார். மழையில் புல் மளமளவென்று வளர்ந்துவிட்டதால், தண்ணீர் இருக்கட்டும், முதலில் புல்லை வெட்டுங்கள் என்று அன்று மத்தியானமே ஷில்பாவிடமிருந்து போன் வந்தது. புல் வெட்டும் கருவி மூலையில் இருந்தது. அதை மாட்ட வேண்டுமென்றால் டேங்கரைக் கழற்ற வேண்டும். நிறைந்த டேங்கரை வழியில் நிறுத்தினால் பந்தல் வண்டி உள்ளே வர முடியாது. ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டு மூலைக்கு ரிவர்ஸ் எடுத்தார்.

சக்கரம் புல்லில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. பின்னால் யாரோ கயிற்றைச் சுருட்டிக்கொள்வதுபோல் வண்டி தானாகவே நழுவியது. பிரேக்கை மிதித்தார். இறங்கிப் போய்ப் பின்னைத் தொட்டார். பின் அதிர்ந்துகொண்டிருந்தது. என்ஜினை நிறுத்தியிருந்தார், ஆனாலும் அதிர்ந்தது. லாக் பின்னை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்டார்ட் செய்து தளர்த்துவதற்காக மறுபடி சீட்டில் ஏறினார்.

அப்போது தரை வாயைத் திறந்தது.

முதலில் சத்தமே இல்லை. டேங்கரின் இரண்டு சக்கரங்களும் புல்லோடு சேர்ந்து கீழே போயின. அப்புறம் கற்கள் விழும் சத்தம், வெகு கீழே, தண்ணீரில். டேங்கர் சரிந்தது. அதன் பாரம் கொக்கியை இழுக்க, டிராக்டரின் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது. கிளப் ஹவுஸ் வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த உமேஷ், நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணா, குதி! வண்டிய விடு! குதி அண்ணா!"

பெருமாள்சாமி குதிக்கவில்லை. இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து எழுந்து நின்றார். பூட்டிய சக்கரங்கள் புல்லை உழுதுகொண்டு பின்னுக்குப் போயின. கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில், அந்த அரை விரல் இருந்த இடத்தில், தீ வைத்தாற்போல் வலித்தது. "விட்ரு" என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. "எடுத்துக்கோ, டேங்கர எடுத்துக்கோ. இத விட்ரு."

பிறகு நடந்ததைத்தான் அப்பார்ட்மெண்ட் முழுக்கச் சொல்கிறார்கள். ஷில்பா சொல்கிறார், பந்தல்காரர்கள் சொல்கிறார்கள், கேன்டீனில் ஜானகியிடம் வந்து சொன்னவர்கள் பத்துப் பேராவது இருக்கும். பெருமாள்சாமி சீட்டிலிருந்து பாய்ந்து இறங்கினார். அத்தனை பாரம் இழுத்துக்கொண்டிருந்த பின்னை, ஒன்பதரை விரலால் பிடித்து, ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். டேங்கர் போயிற்று. டிராக்டர் மூக்கைத் தரையில் போட்டுக்கொண்டு நின்றது, பின்சக்கரம் விளிம்பில்.

அடியில் இருந்தது கிணறு. ராகி நிலத்துக் காலத்துக் கல் கட்டுக் கிணறு. கட்டடம் எழுப்பும்போது வாயை மூடி, மேலே மண்ணைப் பரப்பிப் புல் நட்டுவிட்டார்கள். எப்போது மூடினார்கள், யார் மூடினார்கள் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. மண் இறங்க இறங்கத் தரை சாய்ந்தது, தரை சாயச் சாய டேங்கர் பின்னுக்கு இழுத்தது, பின் இறுகியது. வந்து பார்த்த இன்ஜினியர் இப்படித்தான் விளக்கினார். எல்லாம் சரியாகப் பொருந்தியது. அந்த இரும்புப் பின், டிராக்டருக்கு முன்பக்கம் புல்லில் கிடந்தது. வளையவில்லை, உடையவில்லை. பெருமாள்சாமி இன்றும் அதே வண்டியை ஓட்டுகிறார், ஜெனரேட்டர் பக்கத்து இடத்தில், வேறு டேங்கரோடு. தான் பாய்ந்து இறங்கியதாகத்தான் அவருக்கும் ஞாபகம். அத்தனை பேர் சொல்லும்போது வேறு என்ன ஞாபகம் இருக்க முடியும்?

கேட் அறையில் டீ வந்த நேரம் இந்தக் கதையை இதுவரைக்கும் நான் வாசித்துக் காட்டியபோது, பெருமாள்சாமி கூச்சத்தோடு தலையாட்டிக்கொண்டே கேட்டார். உமேஷ் மட்டும் டீயைத் தொடவில்லை.

"அது தப்பு மேடம்" என்றான் என்னிடம். "அண்ணா எறங்கல. டேங்கர் போற வரைக்கும் ரெண்டு காலும் பிரேக் மேலதான் இருந்துச்சு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எறங்கியிருந்தாலும் எங்க நிப்பாரு? பின் இருக்கற எடத்துக்குக் கீழ மண்ணே இல்லியே."