ஓடுகிற பைப்பில் ஒரு வால்வு

அப்பாவும் பெரியப்பாவும் சாயப்பட்டறையைப் பாகம் பிரித்துக்கொண்டபோது கிணறும் மோட்டாரும் பெரியப்பா பங்குக்குப் போயின. கிணற்றிலிருந்து அவருடைய பட்டறைக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பைப் மட்டும் எங்கள் இடத்தின் நடுவே விழுந்துவிட்டது. தண்ணீரில் எங்களுக்கும் பாதி பாத்தியம் உண்டு என்றுதான் பேச்சு. ஆனால் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை. நடுவில் சுவர் வைத்தார்கள். பெரியவர்கள் அதைத் தாண்டுவதில்லை. குழந்தைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. பங்காளிச் சண்டையில் எங்கள் பக்கம் அப்படி ஒரு சௌகரியம் உண்டு.

நான் ஐந்தாவது முடித்த கோடையில் எங்கள் போர்வெல் வற்றிப்போனது. அந்தப் பைப்பிலிருந்து கிளை எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் பட்டறையைப் பூட்டவேண்டும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சுலபமான வேலை. ஆனால் நிறுத்தச் சொல்லிப் பெரியப்பாவைக் கேட்கவேண்டுமே. அதற்குப் பட்டறையைப் பூட்டிவிடலாம் என்பதுபோல் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பியான என் மாமாதான் வழி சொன்னார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. முழுசாகத் தெரிந்த விஷயமும் கிடையாது. தண்ணீர் ஓடும்போதே பைப்பைத் துளைக்கிற வித்தையை அவர் செல்போனில் பார்த்திருந்தார். பைப்பின்மேல் ஒரு கிளாம்பை இறுக்கி, அதன்மேல் வால்வைப் பூட்டி, திறந்த வால்வுக்குள் கட்டரை விட்டுத் துளைக்கவேண்டும். கட்டரை இழுத்ததும் வால்வை மூடிவிட்டால் முடிந்தது. யாரையும் எதுவும் கேட்கவேண்டியதில்லை. அப்பாவுக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்தது.

வால்வையும் மாமாவே தேர்ந்தெடுத்தார். கேட் வால்வெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லி, உள்ளே துளையிட்ட பந்து திரும்புகிற பால் வால்வு ஒன்றைப் பளபளவென்று வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பைப் வேலை செய்கிற பிட்டர் வருவதற்குள் தானே முறுக்கியும் வைத்துவிட்டார். பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் நனையலாம் என்று நான் பழைய பாவாடையோடு தயாராக நின்றேன். கட்டர் உள்ளே போனது, பாதியில் நின்றது. வெளியே இரண்டு இஞ்சு வால்வு; உள்ளே இருந்த பந்தின் துளையோ ஒன்றரைதான். கேட் வால்வாக இருந்தால் உள்கதவு முழுவதும் மேலேறி வழிவிட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

கடைகள் அடைத்திருந்தன. பிட்டர் அன்று மாலையே கோயில் கொடை விழாவுக்குத் தென்காசிப் பக்கம் போகிறவர். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பெரியப்பா பட்டறையில் கேட் வால்வு இருக்கும் என்று அம்மா மெல்லச் சொன்னாள். அப்பா காதில் விழாதவர்போலக் குனிந்து கிளாம்பைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா என்னை அனுப்பினாள்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஏங்கண்ணு, ஓடற பைப்புல எதுக்கு ஓட்டை போடறாங்க? நிறுத்திப்போட்டு போட்டா ஆகாதா?" என்றார்.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "நிறுத்தச் சொல்லி உங்ககிட்டக் கேக்கோணுமுங்களே பெரியப்பா. அதுக்குத்தானுங்க."

அவர் உள்பக்கம் திரும்பினார். மெஷின் துணியை அலசிக்கொண்டிருந்தது. அலசும்போது தண்ணீர் நின்றால் சாயம் திட்டுத்திட்டாகிவிடும். அதை எட்டிப் பார்த்துவிட்டு, கேட் வால்வை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கனமா இருக்குது. மெதுவாப் போ கண்ணு. பெரியம்மாகிட்ட முறுக்கு வாங்கித் தின்னுபோட்டே போ."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. முறுக்கைத் தின்று முடித்து நிதானமாகத்தான் போனேன்.

இந்த முறை கட்டர் தடையில்லாமல் இறங்கிப் பைப்பைத் துளைத்தது. ஆனால் நான் காத்திருந்த பீய்ச்சல் வரவில்லை. கட்டரை வெளியே இழுத்தபோது கொஞ்சம் தண்ணீர் வழிந்து நின்றுபோனது. பிட்டர் தலையைச் சொறிந்துகொண்டு, லைன் ஓடவே இல்லையே என்றார். அப்பா நிமிர்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. மெஷினும் இல்லை, மோட்டாரும் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டு ஓடுகிற பைப்பில் ஓட்டை போட வந்தால், பெரியப்பா வேண்டுமென்றே நிறுத்திக் கெடுத்துவிட்டாரே என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அப்பா கிளாம்பை விட்டுவிட்டுச் சுவரருகே போனார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

"அண்ணா, மோட்டாரைப் போடுங்க."

பதிலுக்கு மோட்டார்தான் உறுமியது. பைப் அதிர்ந்தது, புதிதாகப் பூட்டிய வால்விலிருந்து தண்ணீர் கொட்டியது. குழாய் சொட்டினாலே வீட்டை இரண்டாக்குகிற அப்பா, அன்று வாசலெல்லாம் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். இந்த மனுஷருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீணாகிறதே என்று நான்தான் ஓடிப்போய் வால்வை மூடினேன்.