சண்டியருக்கு விழுந்த மாலை

இப்போது ரீவியில் பாதாளக் குழுக்காரனையும் அரசியல்வாதியையும் ஒரே படத்தில் காட்டினால் என் பேரப்பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு அதில் புதினமில்லை. அப்படி இரண்டு பேருக்கு நடுவில் மாலையோடு நின்றவள் நான்.

அப்போது சல்லி என்ற கடற்கரை ஊரில் இருந்தோம். கடலால் கள்ளச் சாமான் இறக்குகிற சண்டியர் ஒருவர் இருந்தார். அவருடைய பொதிகளை வலைக்குக் கீழே மறைத்துக் கொண்டுவர ஏலாது என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த நாளே சண்டியரின் ஆட்கள் வந்து எங்கள் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அவரை நான் கண்டதில்லை. பொலிசுக்குப் போன அம்மாவை, எலெக்சன் கேட்கிற ஐயா ஊருக்கு வருவார், அவரிடம் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த வள்ளத்தால்தான்.

ஐயா வருகிற நாள் ஊரே துள்ளியது. கோயிலடியில் நிறைகுடம், தோரணம், கட்டித் தொங்கவிட்ட சீனவெடி. மாலை போட என்னைப் பிடித்தார்கள். பொங்கல் சட்டையைப் போட்டுவிட்டு, அம்மா தன் கையால் மாலை கட்டி, சொல்லவேண்டியதையும் பாடமாக்க வைத்தா. வெள்ளை வேட்டியோடு வருவார், பயப்படாதே என்றா. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

ஜீப் வந்தது. வெடி கொளுத்தினார்கள், ஒரே புகை. நான் ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்கிற பிள்ளை இல்லை. குனிந்தபடியே போய், முதலில் இறங்கிய வெள்ளை வேட்டிக்கு முன்னால் நின்றேன். அவர் குனிந்து கழுத்தைத் தந்தார். போட்ட கையோடு ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஐயா, சண்டியர் எங்கட வள்ளத்தைப் பறிச்சுப்போட்டார். வாங்கித் தாங்கோ."

வெடியும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், நோட்டீசில் கண்ட ஐயா பின்னால் நிற்கிறார். மாலை விழுந்தது சண்டியரின் கழுத்தில்.

முதலில் சிரித்தவர் சண்டியர்தான். ஐயா அவருடைய தோளில் கை போட்டார். "இவருக்குப் போட்டா என்ன, எனக்குப் போட்டா என்ன பிள்ளை."

சண்டியர் கூட்டத்துக்குள் நின்ற அப்பாவைத் தேடிப் பார்த்தார். "வள்ளம் பின்னேரம் வரும். கொப்பர் இனிச் சொன்னதைக் கேட்பார்தானே."

சொன்னபடியே வந்தது. எல்லோருக்கும் முதல் நான்தான் பாய்ந்து ஏறினேன். உள்ளே படங்குத்துணியில் இறுக்கிக் கட்டிய பொதி ஒன்று கிடந்தது. அப்பா, சாமானும் தந்திருக்கினம் என்று கத்தினேன். அப்பா வலையை எடுத்து அதன்மேல் விரித்தார்.

வள்ளத்தை மீட்டது நான்தான் என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லித் திரிந்தேன். அம்மா மட்டும் அன்றைக்குக் குசினியை விட்டு வெளியே வரவில்லை. மாலை கட்டிக் களைத்துப்போனா என்றுதான் நினைத்தேன்.