யாருடைய முதுகு

சாவிக்காரரிடம் நேரான பதில் வாங்கியவர் அந்த ஊரில் யாரும் கிடையாது. கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்தில் உட்கார்ந்து பழைய சாவியைப் பார்த்துப் புதுச் சாவி ராவிக் கொடுப்பது அவர் தொழில். மழை வருமா என்று கேட்டால், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்பார். கடை திறந்திருக்கிறதா என்று கேட்ட ஒருவரிடம், உள்ளே உட்கார்ந்து அரத்தைத் தேய்த்துக்கொண்டே, எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்ட மனிதர். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறார், வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் முடியாது என்று பக்கத்துக் கடை ரேடியோ ரிப்பேர்க்காரர் கிண்டல் செய்வார். அதற்கும் ஒரு சிரிப்புத்தான் பதில்.

இது பிறவிக் குணம் இல்லை, கல்யாணத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. கீழ் வீட்டில் மனைவி, மாடியில் அக்கா. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது யாரால், வாசல் விளக்கை அணைக்காமல் தூங்கியது யார் என்று எல்லா வழக்கும் இவரிடம்தான் வரும். காலையில் கீழே சாப்பிட்டு ராத்திரி மாடியில் சாப்பிடுகிற மனிதன் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வான்? சொன்னால் ஒரு வேளைச் சாப்பாட்டில் உப்பு இருக்காது. அதனால் வழவழா கொழகொழா என்று பேசிப் பேசியே முடி நரைத்துவிட்டது. பாவம், அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தியது ஊர் மியூசியம். பழைய தண்ணீர் வரி ஆபீசின் மூன்று அறைகள்தான் மியூசியம். ஒரு டைப்ரைட்டர், தட்டு ஒன்று தொலைந்த தராசு, ஒரு பல் டாக்டர் நாற்காலி, வரிசையாக நாலு இஸ்திரிப் பெட்டி. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், இதே பெட்டி எங்கள் வீட்டில் இன்னும் நன்றாகத் தேய்க்கிறது என்று சொல்லி, பொறுப்பாளரான டீச்சரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள். அவர் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அங்கே 'இவர் யார்?' என்று ஒரு கூட்டம் நடக்கும். சுவரில் ஊரின் பழைய போட்டோக்கள் இருக்கும். தெரிந்தவரைக் காட்டிப் பெயர் சொன்னால், அந்தப் பெயரை அச்சடித்துப் படத்தின் கீழே ஒட்டுவார்கள். ஆனால் சொல்கிறவர் சொன்னால் மட்டும் போதாது. அதே வீட்டைச் சேர்ந்த இன்னொருவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் ஒரே குதிரைவண்டிக்காரரைத் தங்கள் தாத்தா என்று மூன்று குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டதற்குப் பிறகு டீச்சர் கொண்டுவந்த சட்டம் இது.

ஆற்றுப்பாலம் திறந்த நாளில் எடுத்த ஒரு படம். கூட்டம் முழுக்கக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. ஒரே ஒரு பெண் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இடது கையில் விரித்த குடை, அது தலையை முழுசாக மறைக்கிறது. பை தொங்கும் வலது கை இடுப்பில். அது நான்தான் என்றார் சாவிக்காரரின் மனைவி. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவர் பெயர் எங்கேயும் அச்சானதில்லை. இப்போது சுவரில் ஏறப்போகிறது என்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. செய்தி மாடிக்குப் போனது. அக்கா இறங்கிவந்து, அது நீ இல்லை, நான் என்றார். பாலம் திறந்த அன்று வீட்டிலிருந்த மூன்று பெண்களும் ஒரே குடையோடு போனது உண்மை. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேர் ஞாபகத்திலும் குடை அவரவர் கையில்தான் இருந்தது.

இரண்டு பேருக்கும் சாட்சி ஒரே ஆள், சாவிக்காரர். தம்பி தன் மனைவி பக்கம் பேசினால் மாடியைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அக்கா சொல்லிவிட்டார். மனைவி காலைச் சாப்பாட்டில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினார், அதுதான் சாவிக்காரருக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் ராவிய சாவி எதுவும் எந்தப் பூட்டிலும் சேரவில்லை. காய்ச்சல் வந்தாலாவது படுத்துவிடலாம் என்று பார்த்தார். உடம்பு கல் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மியூசியத்தில் நிற்க இடமில்லை. முதுகுக்குச் சண்டை என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? டீச்சர் சோதனைக்கூடத்தில் நிற்பதுபோல நின்றுகொண்டு, படத்தில் இருப்பதுபோல நின்று காட்டுங்கள் என்று இருவரையும் கேட்டுக்கொண்டார். அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்களும் சபைக்கு முதுகைக் காட்டி, ஆளுக்கொரு குடையை விரித்து, வலது கையை இடுப்பில் வைத்து, இடது காலில் லேசாகச் சாய்ந்து நின்றார்கள். அக்காவின் குடைக்கம்பி டியூப்லைட்டைத் தட்டியது. ரேடியோ ரிப்பேர்க்காரர் பின்னாலிருந்து, இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் சரியாக இருக்கும் என்று யோசனை வேறு சொன்னார். இரண்டும் அச்சு அசல் அதே முதுகுதான். டீச்சரே குழம்பிப்போய்ச் சாவிக்காரரைக் கூப்பிட்டார்.

அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். வந்தாலும் வரும் என்கிற மாதிரி ஒரு பதிலைத் தேடிக்கொண்டுதான் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு திரும்பி அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இல்ல" என்றார்.

மனைவி குடையை மடக்கிவிட்டுத் திரும்பினார். "ஏங்க, இங்கயுமா நழுவணும்? உங்க அக்கான்னு சொன்னாக்கூட நான் வாங்கிக்குவேன். வாயத் திறந்து ஒண்ணு சொல்லுங்க."

"நழுவல. அது அம்மா."

கூட்டம் சளசளவென்று பேசியது. ஆள் தப்பித்துவிட்டார் என்று யாரோ சிரித்தார்கள். சாவிக்காரருக்கு முகம் சிவந்தது. அவ்வளவு பேர் நடுவில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"பையோட காதைப் பாரு அக்கா. மணிக்கட்டுல ரெண்டு சுத்துச் சுத்தியிருக்கு. யாராவது பிடுங்கிடுவாங்கன்னு வீட்டுக்குள்ளகூட அப்படித்தான பிடிப்பாங்க? ஊரே கேமராவப் பாக்குது, ஒருத்தர் மட்டும் திரும்பிக்கிட்டாங்க. அம்மாவத் தவிர வேற யாரு?"

அந்த அம்மா கேமராவைக் கண்டால் முதுகைக் காட்டிவிடுவார். மகன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில்கூடச் சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் அவருடைய முழங்கை மட்டும்தான் தெரியும். அவர் இறந்தபோது கூடத்தில் மாட்ட ஒரு படம் தேடி அலமாரி அலமாரியாகக் குடைந்தார்கள், கிடைக்கவில்லை. படத்துக்கென்று அடித்த ஆணி இன்னும் சும்மாதான் இருக்கிறது. அந்த நிற்கிற தோரணை அக்காவுக்குப் பெற்றவளிடமிருந்து வந்தது. மனைவிக்கோ, ஒரே அடுப்பங்கரையில் மாமியாருக்குப் பக்கத்தில் பல வருஷம் நின்று நின்று வந்தது.

இன்னொரு சாட்சி வேண்டும் என்றார் டீச்சர், கொஞ்சம் தணிந்த குரலில்.

மனைவி படத்துக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்கு ஆசை விடவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. பையின் காதை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா. அத்தைதான்" என்றார். "என் பேர் வேணாம் டீச்சர். அவங்க பேரப் போடுங்க."

அக்கா அதுவரை விரித்த குடையை மடக்கவே இல்லை. அப்படியே வந்தார். தொடக்கூடாது என்று எழுதி வைத்திருந்த கண்ணாடிமேல் விரலை வைத்தார். டீச்சர் தடுக்கவில்லை.

"அம்மா" என்றார் மெதுவாக, "ஒரே ஒரு தடவை திரும்பும்மா."