ஒரு வேளைகூடக் காயவிடாத தரை

சென்ற மாதம் ஐந்து நாள் வெளியூர் போய்த் திரும்பிவந்து கதவைத் திறந்தால், என் வீட்டு ஹாலில் பாத்தி கட்டியிருந்தது.

தோட்டத்தில் இல்லை. ஹாலில். வாசற்படியை ஒட்டி, செம்மண்ணைக் குழைத்து, நாலு விரல் உயரத்துக்கு அழகான வரப்பு. உள்ளே தண்ணீர் தெளிவாக நின்றது. கையில் நாற்று இருந்திருந்தால் நட்டிருப்பேன்.

எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா... அதற்கு என் மனைவி வசந்தியின் தும்மலிலிருந்து தொடங்கவேண்டும்.

ரிட்டயரானதும் நான் ஜவ்வாது மலையேறிய கதை உங்களுக்குத் தெரியும். காவலூருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு, குளிர்ந்த காற்று, கொல்லையில் பலா மரம் என்று இதே பத்தியில் நாலைந்து வாரம் உங்களைப் பொறாமைப்பட வைத்தேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். வீடு கட்டும்போது, டைல்ஸ் வேண்டாம், வெறும் சிமெண்ட் தரைதான் இயற்கை என்று அடம்பிடித்தவன் நான்.

அந்த இயற்கை ஆறே மாதத்தில் மாவு விட ஆரம்பித்தது. பெருக்கப் பெருக்கத் தூள். வசந்திக்கு டஸ்ட் அலர்ஜி. காலையில் எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல் போடுவாள். ஒவ்வொன்றையும் என் முகத்தைப் பார்த்துத்தான் போடுவாள்.

ஒருநாள் பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன். இந்தத் தூள் நிக்கலன்னா நான் வாணியம்பாடிக்கே போய்டறேன். நீங்க இங்க இயற்கையோட இருங்க."

வாணியம்பாடியில் எங்கள் பழைய ஃப்ளாட் சும்மாதான் கிடக்கிறது. முப்பத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன் — வசந்தி மிரட்டுவதில்லை. தகவல் சொல்வாள்.

தரையை உடைத்து டைல்ஸ் போட்டால் முடிந்தது. ஆனால் போட்டால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடுமே? ஆகவே எபாக்ஸி. சிமெண்ட் தரைமேல் பூசினால் கண்ணாடி மாதிரி ஆகும், தூளே வராது என்று செல்போனில் பதினேழு வீடியோ பார்த்துத் தேர்ந்தேன். ஆள் வைக்கவில்லை. பதினேழு வீடியோ பார்த்தவனுக்கு ஆள் எதற்கு?

வாணியம்பாடியில் பெயிண்ட் கடை பாய் இரண்டு டின் கொடுத்தார். ஒன்று பிசின், ஒன்று அதை இறுக வைக்கிற மருந்து. இரண்டையும் கலந்து பூசவேண்டும். "கொஞ்சம் கொஞ்சமா கலங்க சார்" என்றார். தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வந்து மொத்தத்தையும் ஒரே பக்கெட்டில் கலந்தேன். பக்கெட் சூடாகிப் புகைந்தது. கொஞ்ச நேரத்தில், கலக்கிய குச்சியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. இப்போது அது பலா மரத்தடியில் இருக்கிறது. உட்கார வசதியாக உள்ளது.

மறுபடி மலையிறக்கம், மறுபடி பாய் கடை.

"இதையாவது கேட்டுக்குங்க சார். பூசினப்புறம் ஒரு வாரம் தண்ணி மட்டும் படக்கூடாது."

"தெரியும் பாய்."

இந்த முறை தரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி எடுத்து, உள்ளிருந்து வாசல் பக்கமாக ரோலரை உருட்டிக்கொண்டே வந்து, வெளியே இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். ஹால் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. ஆனால் நெடி தாங்கவில்லை. வசந்தியின் மூக்கு தூளுக்கே கோபித்துக்கொள்ளும், இதற்குக் கேட்கவேண்டுமா. மார்கழிக் குளிரில் மெதுவாகக் காயட்டும் என்று ஃப்ளாட்டுக்குக் கிளம்பினோம்.

சாவியைப் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவிடம் கொடுத்தேன். சாமை விளைவிக்கிற குடும்பம். காலையில் நிலத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார்.

"புதுத் தரை போட்டிருக்கேன். காலையில வெளிய நின்னே ஜன்னலைத் திறந்து சாயங்காலம் மூடுங்க. உள்ள யாரும் கால் வைக்கக்கூடாது. கோழி, நாய் வரக்கூடாது. பத்திரமா பாத்துக்கங்க."

"நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க சார்."

எல்லாம் சொன்னேன். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. பூட்டிய வீட்டு ஹாலில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?

ஊற்றுவார்கள். எங்கள் தெருவில் யார் தளம் போட்டாலும், காரை பூசினாலும், வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் சிமெண்ட் இறுகட்டும் என்று பக்கத்து வீட்டார் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். கேட்கவேண்டியதில்லை. புதுத் தரையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான் — அதை ஈரமாக வைத்திருப்பது.

நான் வரப்பையே பார்த்துக்கொண்டு நிற்கையில் சின்னப்பொண்ணு இடுப்பில் குடத்தோடு வந்தார்.

"இன்னா சார், சீக்கிரம் வந்துட்டீங்க. இன்னும் ரெண்டு நாளு தண்ணி நிக்கணுமே."

நான் வரப்பைக் காட்டினேன்.

"கால் வெக்கக் கூடாதுன்னீங்க, வெக்கல. சன்னல் வழியாத்தான் ஊத்தினேன். வாட்டம் வாசப்பக்கம் கீது, தண்ணி ஓடியாந்துடுது. எங்க வூட்டுக்காரரு வெளில குந்திக்கினு பாத்தி கட்டிட்டாரு." பிறகு, பெருமையாக: "ஒரு வேளகூட காயவுடல சார்."

தண்ணீருக்கடியில் என் தரை தெரிந்தது. சாம்பல் நிறம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இதே காவலூர் மலைமேல் ஆய்வுக்கூடம் வைத்து வானம் பார்க்கிறவர்கள் எந்த மேகத்துக்குப் பயப்படுவார்களோ, அது மொத்தமும் என் ஹாலில் இறங்கியிருந்தது. ஓரத்தில் விரல் வைத்தேன். பிசுபிசுத்தது.

கோபம் உச்சிக்கு ஏறியது. எபாக்ஸி என்றால் என்ன, ஈரம் பட்டால் என்ன ஆகும், பாய் என்ன சொன்னார்... முழு லெக்சரும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

வசந்தி முந்திக்கொண்டாள். "ரொம்ப நல்லா பாத்துக்கினீங்க சின்னப்பொண்ணு. குழாயில தண்ணி வருதா?"

"எங்க வருதுக்கா... மோட்டார் ரிப்பேரு. நாலு நாளா கொல்லிக் கெணத்துல இருந்துதான் தூக்கியாறோம். வூட்டுக்கு ரெண்டு கொடம், உங்க தரைக்கு ரெண்டு கொடம்."

கொல்லி என்றால் இங்கே நிலம். அந்தக் கிணறு மேட்டுக்கு அந்தப் பக்கம். வெறுங்கையோடு போய்வந்தாலே எனக்கு மூச்சு வாங்கும்.

அவர் போனதும் வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஃப்ளாட்ல பதினாலு வருஷம் இருந்தோம். எதிர் வூட்டுக்காரங்க பேரு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"தரை கெட்டுப்போச்சுன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்க, அன்னிக்கே நான் பஸ் ஏறிடுவேன். சொல்லாம இருந்தா பாக்கலாம்."

கவனித்தீர்களா? தூளில் தொடங்கிய ஒப்பந்தம் என் வாயில் வந்து நின்றுவிட்டது. தூளைக்கூட நிறுத்திவிடலாம். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது? வாராவாரம் பத்தி எழுதுகிறவனிடம் கேட்கிற காரியமா இது?

பாய்க்குப் போன் போட்டேன். "தெரியும்னீங்களே சார்" என்றார். பிறகு, அந்த வெள்ளைப் படலம் போக ஒரே வழி வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்ப்பதுதான், நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு கோட் அடியுங்கள் என்றார். தண்ணீரால் கெட்டதைத் தண்ணீர் ஊற்றித்தான் கழுவவேண்டுமாம். தேய்க்கும்போது சின்னப்பொண்ணுவும் வந்து உட்கார்ந்துவிட்டார். எதற்குத் தேய்க்கிறோம் என்று அவர் கேட்க, பாலிஷ் என்றாள் வசந்தி. கூசாமல் சொன்னாள்.

இரண்டாவது கோட் அடித்தேன். இந்தத் தடவை ஊருக்குப் போக முடியாது. போனால் அன்பாகத் தண்ணீர் வந்துவிடும். ஊற்றாதீர்கள் என்று சொன்னால் முதல் தடவை நடந்தது தெரிந்துவிடும். ஆகவே காரை வெளியே நிறுத்திவிட்டு ஷெட்டில் பாய் விரித்தோம். மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு வாரம் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

மூன்றாம் நாள் சின்னப்பொண்ணு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது.

"தண்ணி ஊத்தலியா சார்?"

வசந்தி மாஸ்க்குக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேன்" என்றேன்.

அவர் வசந்தியிடம் திரும்பினார். "ஆம்பளைங்கள நம்பி வூட்ட வுட முடியுமாக்கா? நீ இங்கியே இருந்து பாத்துக்கோ."

"அதான் இருக்கேன்" என்றாள் வசந்தி.

பொங்கல் போய்விட்டது. தரை பளபளக்கிறது, தூள் இல்லை, தும்மல் நாலைந்தாகக் குறைந்திருக்கிறது. புதுத் தரைக்குத் தண்ணீர்கூட ஊற்றாத சோம்பேறி என்று தெரு முழுக்க என்னைப் பற்றிப் பேச்சு. நான் மறுக்கவில்லை.

பெட்டி மறுபடி பரணில் இருக்கிறது.