மேல் பூட்டின் சாவி

என் சாவிக்கொத்தில் நான்கு சாவிகள் இருக்கின்றன. ஒன்று பைக்குடையது. ஒன்று நான் வேலை பார்க்கும் உரக்கடையின் ஷட்டருக்கு. ஒன்று செஞ்சியில் நான் தனியாகக் குடியிருக்கும் மாடி அறைக்கு. நான்காவது சின்னப் பித்தளைச் சாவி. நேற்றுவரை ஐந்து வருடமாக அதைத் திருப்பியதில்லை. கடைக்கு வருகிறவர்கள் யாராவது, "இது இன்னா சாவி சார்?" என்று கேட்டால், "எங்க மன்றத்து சாவி. இத வெச்சிக்கினு மட்டும் தொறக்க முடியாது, இன்னொரு சாவி வேணும்" என்பேன். அதற்கு மேல் அவர்களும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உள்ளபடி சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஏரிக்கரையில் ஒரு பழைய அறை சும்மா கிடந்தது. ஒரு காலத்தில் சத்துணவு அரிசி மூட்டை அடுக்கிய இடம். அதில் இளைஞர் மன்றம் தொடங்கலாம் என்று முதலில் சொன்னது காலனியைச் சேர்ந்த ஒருவன். என் வயதுதான். செஞ்சிக் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன பழக்கம். அவனைச் செயலாளர் என்றே இங்கே எழுதுகிறேன். நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். அவன் எனக்குச் செயலாளரே, நான் அவனுக்குத் தலைவரே. நான் தலைவரானதற்கு ஒரு தகுதியும் கிடையாது. ஊர்த் தெருப் பையன் ஒருவன் தலைவராக இருந்தால்தான் அறை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு என்னை உட்காரவைத்தவன் அவன்.

அறை கிடைத்ததும் இரண்டு பக்கமும் பெரியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: சாவி யாரிடம் இருக்கும்? எங்கள் தெருவில், அவர்கள் கையில் போனால் திரும்ப வராது என்றார்கள். காலனியில், இவர்கள் ஒருநாள் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்கள். ஒரு வாரம் மண்டை காய்ந்தது. கடைசியில் செயலாளர்தான் வழி சொன்னான்.

"ரெண்டு பூட்டு போட்டுடலாம் தலைவரே. உன்கிட்ட ஒரு சாவி, என்கிட்ட ஒரு சாவி. ரெண்டு பேரும் வந்தாத்தான் தொறக்கும். சண்ட போட்டாலும் சாயந்தரமானா வந்துதான ஆவணும்?"

கதவில் மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி அடித்தோம். உடனே அடுத்த பஞ்சாயத்து: மேல் பூட்டு யாருக்கு? எங்கள் தெருவில் ஒரே பேச்சாக, மேல் பூட்டு நமக்குத்தான் என்று நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இழுத்தேன். அவன் சிரித்துவிட்டான். "மேல நீயே போட்டுக்க. குனியறதுக்கு எனக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்குது." அவன் சிரித்ததால் நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயமா என்று அன்று எனக்குப் புரியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மூன்று வருடம் அந்த அறை உயிரோடு இருந்தது. தினமும் ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் கதவருகே சந்திப்போம். நான் நின்றபடி திறப்பேன், அவன் குந்தி உட்கார்ந்து திறப்பான். யாருக்காவது காய்ச்சல் என்றால் மற்றவன் அவன் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி வருவான். நான் காலனிக்குள் முதன்முதலில் போனதே அப்படி ஒரு சாவிக்காகத்தான். அவனுடைய அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வாலிபால் நெட் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜகிரிக் கோட்டைப் படிகளில் சாக்கைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கினோம். பொறுக்கிய பாட்டிலை எங்கள் கையிலிருந்தே குரங்குகள் பிடுங்கிக்கொண்டு ஓடும். ஆனால் மன்றத்தின் உயிர் படிப்புதான். அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு விண்ணப்பம் போடுவது, ஹால் டிக்கெட் எடுப்பது எல்லாம் செயலாளர் வேலை. வீட்டில் வைத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று எல்லோருடையதையும் ஒரே பைலில் போட்டு அறை பீரோவில் வைப்பான். தேர்வுக்கு முதல்நாள் சாயந்தரம் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஹால் டிக்கெட்டோடு ஒரு புதுப் பேனாவும் கொடுப்பான். அது எங்கள் மன்றத்துச் சம்பிரதாயமாகிவிட்டது.

கெட்டது ஒரு போட்டோவால். கோட்டையில் நாங்கள் சுத்தம் செய்த செய்தி பேப்பரில் படத்தோடு வந்தது. பேனர் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றது காலனிப் பிள்ளைகள். எங்கள் தெருப் பையன்கள் பின்வரிசையில் பாதித் தலை, பாதிக் காது. வேண்டுமென்று யாரும் அப்படி நிற்கவில்லை. ஆனால் டீக்கடையில் பேப்பர் கை மாறிக்கொண்டே இருந்தது. "நம்ம பசங்கள காணோமே? மன்றம் யாருதுன்னே தெரியலியே?" சாயந்தரத்துக்குள் என் நைனாவின் காதுக்கு வந்துவிட்டது.

"கொஞ்ச நாளைக்கு சாவி ஊட்டுலயே இருக்கட்டும்டா. அவங்களுக்கும் கொஞ்சம் தெரியட்டும்" என்றார்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை திண்டிவனத்தில் தேர்வு. எட்டுப் பேருடைய ஹால் டிக்கெட் உள்ளே இருந்தது. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. ஐந்து மணிக்கு போன் அடித்தது. டிவி மேல் இருந்த போன் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. நைனா என்னைப் பார்த்தார், நான் டிவியைப் பார்த்தேன். ஏழு மணிக்குள் ஆறு தடவை அடித்தது. என்ன பெரிய தலைவர்! ஒரு போனை எடுக்கத் தைரியமில்லை. காலையில் வந்து வாங்கிக்கொள்ளட்டும், அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

காலையில் நான் போனபோது அங்கே யாரும் இல்லை. முதல்நாளே அவன் எட்டுப் பேரையும் ஷேர் ஆட்டோவில் செஞ்சிக்குக் கூட்டிப்போய், ஜெராக்ஸ் கடையில் மறுபடி எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஏழு பேருக்குக் கிடைத்தது. ஒரு பெண்ணின் விண்ணப்ப எண் அறைக்குள் இருந்த நோட்டில் மட்டும்தான் எழுதியிருந்தது. அவள் தேர்வு எழுதவில்லை.

அன்று மாலை அவன் வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குந்தி உட்கார்ந்து தன் பூட்டைத் திறந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எல்லாரும் ஒடைடா ஒடைடான்னாங்க. ஒரு கல்லு போதும். உன் பூட்ட நான் எப்பிடி தலைவரே ஒடைப்பேன்?"

அதற்குப் பிறகும் சில மாதம் திறந்தோம். வந்தவர்கள் குறைந்தார்கள். இரண்டு சாவியும் வந்தன, பேச்சு வரவில்லை. பிறகு அவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. போகிற அன்று பஸ் ஸ்டாண்டில், "அறைய பாத்துக்க" என்று மட்டும் சொன்னான். சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரே ஒருமுறை ஏரிக்கரைக்குப் போனேன். கதவின் பாதி உயரத்துக்குச் செடி வளர்ந்திருந்தது. என் பூட்டு கண்ணுக்கு நேரே தொங்கியது. அவன் இல்லாமல் என்ன செய்வது என்று திரும்பிவிட்டேன். மன்றம் என்னாச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம், "அவன் சாவிய எடுத்துக்கினு போயிட்டான், நான் இன்னா பண்றது?" என்றேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். கொஞ்ச நாளில் நைனா போய்ச்சேர்ந்தார். நான் செஞ்சிக்கு வந்தேன். அந்தப் பெண் இப்போது இங்கே ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். பார்த்தால், "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்று கேட்கிறாள். தலையாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் உட்கார்ந்து கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச ஆள் கிடையாது.

போன வாரம் ஊராட்சி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அறையை இடிக்கப் போகிறார்களாம், உள்ளே சாமான் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நேற்று சாயந்தரம் பைக்கில் போனேன். கீழ்ப் பூட்டை உடைக்க ஒரு சுத்தியலும், என் பூட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் எடுத்துப் போனேன். இடிப்பதற்காக யாரோ செடியை வெட்டியிருந்தார்கள். எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி என் பூட்டைத் திறந்தேன். பிறகு சுத்தியலோடு குனிந்தேன்.

கீழ்ப் பூட்டு திறந்து கிடந்தது. கொண்டியில் சும்மா மாட்டியிருந்தது, சாவி அதிலேயே இருந்தது. துரு ஏறிச் சாவியும் பூட்டும் ஒன்றாகிப்போயிருந்தன. ஊரை விட்டுப் போகிற அன்றே திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஐந்து வருடமாக அந்தக் கதவைப் பூட்டிவைத்திருந்தது என் பூட்டு ஒன்றுதான். ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அட, ஒரே ஒருமுறை.

உள்ளே போகவில்லை. அவன் சாவியைப் பூட்டோடு அப்படியே விட்டுவிட்டு, என் கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனை எடுத்தேன். அவன் எண் இன்னும் "செயலாளர்" என்றே இருந்தது. ரிங் முழுதாகப் போய் நின்றது. ஷிப்ட்டில் இருப்பான், இல்லை, என் பேரைப் பார்த்து எடுக்காமல் விட்டிருப்பான். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. அன்று அவன் இதே இடத்தில் ஏழு மணி வரைக்கும் ஆறு தடவை கூப்பிட்டான். நான் இப்போதுதான் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன். படியில் உட்கார்ந்தேன்.