சுடருக்குக் கீழே ஐந்நூற்று இருபது

அந்த எரிவாயு ஆலையில் அவளைக் கால்குலேட்டரம்மா என்றால்தான் வாசல் காவல்காரருக்குக்கூட ஆள் விளங்கும். பாதுகாப்புப் பிரிவில் வேலை. ஆலையின் உயரமான குழாயின் உச்சியில் மிச்ச வாயு ஓயாமல் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும். அதற்குக் கீழே உள்ள மேடையில் யாராவது வேலை பார்க்க வேண்டுமென்றால், அங்கே ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெப்பம் விழுகிறது என்று அளந்து, ஏறலாமா கூடாதா என்று அவள் சொல்ல வேண்டும். ஒரு கருவி வாட்டில் காட்டும், இன்னொன்று கிலோகலோரியில், வேறொன்று பி.டி.யூ. என்ற பிரிட்டிஷ் அலகில். எதில் கொடுத்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வாட்டுக்கு மாற்றிவிடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எதையோ எதாலோ பெருக்கிக்கொண்டு நிற்பாள் என்று அக்கா புலம்புவாள். அக்கா வீட்டு மாடியறையில்தான் அவளுக்குக் குடியிருப்பு. அக்காவின் கணவர் அதே ஆலையில் குழாய், வால்வுகளைப் பழுதுபார்க்கும் பிட்டர்.

அன்று மேடையில் ஒரு வால்வு கசியத் தொடங்கியது. ஆலையை நிறுத்தாமலே அதை மாற்ற வேண்டும் என்றார் மேலாளர். அவளுடைய வெப்ப அளவி பழுதுபார்க்கப் போயிருந்ததால், பக்கத்து ஆலையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கினார்கள். திரையில் எண் மட்டும்தான் வந்தது. அலகைக் குறிக்கும் ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தது. அந்த ஆலையின் ஸ்டோர்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இது எந்த யூனிட்ல காட்டும்?"

"கிலோகலோரிதாம்மா. எங்ககிட்ட எல்லாமே கிலோகலோரிதான்."

மேலே ஏறிச் சுடருக்கு நேராகப் பிடித்தாள். ஐந்நூற்று இருபது. சதுர மீட்டருக்கு, மணிக்கு இத்தனை கிலோகலோரி என்றால், ஒன்று புள்ளி ஒன்று ஆறு மூன்றால் பெருக்க வேண்டும். அறுநூற்றுச் சொச்சம் வாட். ஆயிரத்து ஐந்நூறு வரை வேலை செய்யலாம் என்பது ஆலையின் விதி. இறங்கி வந்து, ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

அத்தான் முகமூடியை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன மச்சினி, மேல வறுத்தெடுக்குமா, அவிச்செடுக்குமா?"

"ரெண்டும் இல்ல அத்தான். வெயில்ல நிக்கிற மாதிரிதான்."

"அதுக்கென்ன, உங்கக்கா தெனம் கடைக்கு அனுப்பிப் பழக்கிவெச்சிருக்காளே."

அவரும் கூட்டாளி பிட்டரும் ஏணியில் ஏறினார்கள். அவள் அடியில் நின்றாள். இடது கன்னம் இன்னும் சுருக்கென்றது. மேலே சுடரின் பக்கம் இருந்த கன்னம். தன்னையறியாமல் அதைத் தடவியவள், சட்டென்று கையை எடுத்தாள். அறுநூறு வாட் என்பது உச்சி வெயிலைவிடக் குறைவு. நித்தமும் உச்சி வெயிலில் இந்த முற்றத்தைக் கடக்கிறாள். ஒருநாளும் கன்னம் இப்படிக் காந்தியதில்லை.

மேகமே இல்லாத நண்பகல். அளவியைத் திருப்பி நேராகச் சூரியனுக்குக் காட்டினாள். இருநூற்றுத் தொண்ணூறு.

கிலோகலோரி என்றால் முந்நூற்று நாற்பது வாட்கூட இல்லை. இந்த வேளை வெயில் அப்படிச் சோம்பிக் கிடக்காது. சதுர அடிக்கு இத்தனை பி.டி.யூ. என்று வைத்து, மூன்று புள்ளி ஒன்று ஐந்தால் பெருக்கினாள். தொள்ளாயிரத்துக்கு மேல் வந்தது. அதுதான் வெயில். அப்படியானால் மேலே இருக்கும் ஐந்நூற்று இருபது, ஆயிரத்து அறுநூற்றைத் தாண்டுகிறது. அதற்கு அடியில் அத்தானின் கழுத்து.

வாக்கிடாக்கியை எடுத்தாள். ஆலை முழுக்கக் கேட்கும் அலைவரிசை அது.

"அத்தான், இறங்குங்க. உடனே."

"ஏன்? இன்னும் ரெண்டே போல்ட்டு."

"ரெண்டும் வேணாம். இறங்குங்க."

மேலாளரின் குரல் குறுக்கிட்டது. "என்ன விளையாட்டு இது? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"என் கணக்கு தப்பு சார். கிலோகலோரின்னு நெனச்சேன், இது பி.டி.யூ. நான் சொன்னதைவிட ரெண்டே முக்கால் மடங்கு சூடு."

யாரோ சிரித்தார்கள். "கால்குலேட்டரம்மாவா பேசுறது?"

"வால்வு மூடியைத் தளர்த்தியாச்சு மச்சினி. பாதியில விட்டா இன்னும் கசியும்."

"அப்ப ஆலையை நிறுத்திடவா?" என்றார் மேலாளர்.

"ஐயோ, இப்ப வேணாம் சார்! நிறுத்தினா உள்ள இருக்கிற வாயு மொத்தமும் சுடருக்குத்தான் வரும். முதல்ல அவங்க இறங்கட்டும். கசிஞ்சா கசியட்டும்."

காற்று திரும்பியது. சுடர் சாய்ந்து மேடையின் பக்கம் படுத்தது. கூட்டாளியின் பூட்ஸ் ஏணியில் தெரிந்தது. அத்தானுடையது தெரியவில்லை. ஸ்பானர் இரும்பில் மோதும் ஓசை மட்டும் கேட்டது. அவர் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்காகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

ஓசை நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு ஜோடி பூட்ஸ் ஏணியில் இறங்கியது.

தரையில் கால் வைத்ததும் முகமூடியைக் கழற்றினார். கழுத்தின் ஒரு பக்கம் செக்கச்செவேலென்றிருந்தது. அவள் குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். பாதி அவர் சட்டைக்குள் போனது.

"வெயில் மாதிரின்னியே," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எந்த ஊரு வெயிலு?"

ஆலையை நிறுத்தச் சொல்லி மேலாளர் உத்தரவிட்டது காதில் விழுந்தது. தலைக்கு மேல் சுடர் ஓங்கி உறுமியது.

ஆலை நின்றிருந்ததால் மறுநாள் சுடர் சுருங்கிப் போயிருந்தது. அதே மேடை, அதே வால்வு. வேறு பிட்டரை அனுப்பலாம் என்றார் மேலாளர். ஆரம்பித்தவன்தான் முடிக்க வேண்டும் என்று கழுத்தில் கட்டோடு வந்துவிட்டார் அத்தான். அவருக்கு முன்னால் அவள் ஏணியில் கால் வைத்தாள்.

"நீ எதுக்கு? அளந்துட்டு எறங்கிடு."

"நீங்க எறங்குற வரைக்கும் அங்கதான் நிப்பேன்."

அவர் தன்னிடமிருந்த இன்னொரு முகமூடியை அவளிடம் நீட்டினார்.

மேலே, அவர் குனிந்து ஸ்பானரை நட்டில் பொருத்தினார். திருப்பவில்லை.

"எவ்ளோ?"

"முப்பது. சதுர அடிக்கு, மணிக்கு, பி.டி.யூ."

"வாட்ல?"

"தொண்ணூத்தஞ்சு."

"இன்னொரு தடவ பெருக்கு."

பெருக்கிச் சொன்னாள். ஸ்பானர் திரும்பியது.