அம்மாவின் போன் குழந்தையின் கையில்

நூம்பலில் இருக்கும் நான், வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்குமே என்று மாலையில் லேப்டாப் வழியாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அன்று ஆவடியிலிருந்து மூன்றாம் வகுப்பு தர்ஷினி பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து கரும்புகை வந்தது.

"அம்மா எங்கடா கண்ணு?"

"அடுப்புல பால வச்சிட்டுக் கடைக்குப் போயிருக்காங்க மிஸ்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. என்னிடம் இருந்த ஒரே எண் அவள் அம்மாவுடையது. என் செல்போனில் அழைத்தேன். மணி அடித்தது குழந்தையின் கையில்! அம்மாவின் போனில்தான் அவள் பாடமே படிக்கிறாள்.

"ஹலோ, யாருங்க?" என்றாள்.

"மிஸ்தான்டா! வெளியே ஓடு, பக்கத்து வீட்டுக் கதவத் தட்டு!"

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆளை அனுப்பலாமென்றால் எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது.

"இன்னாம்மா டீச்சரு," என்று போனில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் வந்தது. "கரித்துணி பத்திகிச்சி, அணைச்சிட்டேன். கொயந்த எங்கிட்டதான் கீது, அழுவாத. இம்மாம் படிச்சிகீறியே, பக்கத்து ஊட்டு நம்பரு ஒண்ணு வாங்கி வெச்சிக்க மாட்டியா?"

இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளின் முகவரியையும் பக்கத்து வீட்டு எண்ணையும் முதலிலேயே வாங்கிவிடுகிறேன். எதற்கு என்று கேட்கும் அம்மாக்களிடம், "பாடம் நடக்கும்போது போன் உங்ககிட்டயா இருக்கும்?" என்று மட்டும் கேட்கிறேன்.